மன்னித்தாலும் வழக்கு நடக்கும்
பகையை விட்டுவிடு என்றால் குற்றவாளியைத் தப்பவிடு என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. பிள்ளைகளுக்கு வயது 10, 6. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-ல் கும்பலுக்குத் தலைமை தாங்கிய தாரா சிங்குக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டிப்பது அரசின் வேலை. அதை நெஞ்சில் சுமந்து திரியாததால்தான் கிளாடிஸால் மகளோடு, குடும்பம் வாழ்ந்துவந்த பாரிபடாவிலேயே தங்கி, கணவர் நடத்திவந்த தொழுநோயாளர் இல்லத்தை 2004 வரை கவனிக்க முடிந்தது என்று நம்புகிறேன்.

பாதிக்கப்பட்டவரையே மன்னிக்கச் சொல்வது இன்னொரு கொடுமை அல்லவா என்று கேட்கலாம். கொடுமைதான். சமரசம் என்ற பெயரில் ஊர்க்கூட்டம் போட்டு மன்னிப்பை வாங்கித்தர யாருக்கும் உரிமை கிடையாது. கிளாடிஸின் முடிவு அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது. அதே நிலையில் இன்னொரு தாய் மறுத்தால் அவரைக் குறைசொல்ல நாம் யார்? ஆனால், எதையும் இழக்காமல், பிறர் ஊட்டிய வெறுப்பை மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்த நியாயம் பொருந்தாது. மனோகர்பூரில் தீ வைத்தவர்களுக்கு அந்தச் சிறுவர்கள் செய்த தீங்கு என்ன?