விதியும் விலக்கும்

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில் வயல்கள் வீட்டுமனைகளாக மாறி வருகின்றன. சிறுநிலம் உடையோர் சிலர், தெருவின் அகலத்திலும் வடிகாலிலும் விதிவிலக்கு வேண்டுவர். விதித்த அளவு இடம் விட்டால் மனைக்கு நிலம் எஞ்சாது என்பது அவர்தம் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் இருப்பின், முட்டுத்தெரு சற்றே குறுகுவதால் வரும் இடர் பெரும்பாலும் அத்தெருவோடு நின்றுவிடும்.

வடிகால் அத்தகையதன்று. சந்தாபுரம், முத்தநல்லூர் முதலிய ஏரிகள் அமைந்த இவ்வட்டத்தில், ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் ராஜகால்வாய் வழியே தாழ்வான அடுத்த ஏரிக்குச் செல்லும். மேட்டில் ஒருவர் கால்வாயைச் சுருக்கினால், பள்ளத்தில் மற்றொருவர் வீட்டில் வெள்ளம் புகும். 2022 செப்டம்பரில் சர்ஜாபுரச் சாலைக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் மீட்கப்பட்டனர்.

ஆகவே, விலக்கு அளிக்குமுன் அதிகாரிகள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இதன் விளைவை யார் சுமப்பர்? அத்தெருவினரே அறிந்து ஏற்பதாயின் ஆராயலாம். கருத்தே கேட்கப்படாத அயலார் சுமப்பதாயின், மறுப்பதே அறம். நீர் தன் வழியை எவரிடமும் விண்ணப்பித்துப் பெறுவதில்லை.