முதலில் அறை, பிறகு ஸ்பீக்கர்!

போன மாதம் திருவரங்குளம் போயிருந்தேன். புதுக்கோட்டையில் ஆலங்குடி பஸ் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். என் அக்கா மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கையில் ஏழு மாதக் குழந்தை. சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பிரசாதத்தோடு அவள் வீட்டு வாசற்படி ஏறினேனோ இல்லையோ, "சித்தி, நல்ல நேரத்துல வந்தீங்க. இவுகள்ட்ட நீங்களே கேளுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவள் மாமனார் இளவயதில் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் ஒன்று பரணில் கிடந்ததாம். மாப்பிள்ளை அதை இறக்கி, தூசி தட்டி, பழுது பார்த்துப் பாட வைத்துவிட்டார். ஆனால் கூடவே இருந்த பழைய ஸ்பீக்கர்களின் விளிம்பு ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. புது ஸ்பீக்கர் வேண்டும். திருச்சியில் ஒரு கடையில், மார்பு உயரத்துக்கு நிற்கிற ஜோடி ஒன்றைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"200 வாட் அத்தை! தூக்கிட்டுப் போகும்!" என்றார் மாப்பிள்ளை.

"சீட்டு எடுத்த பணம் 20,000 இருக்கு சித்தி. கொல்லைப்பக்கம் தளம் போட வச்சிருக்கேன். அதைத்தான் கேக்குறாக. அதோட இந்தத் தொட்டிலைப் பாருங்க. அந்த ஆளுயரப் பெட்டியை இது பக்கத்துல வைக்கணுமாம்!" என்றாள் இவள்.

திண்ணையிலிருந்து மாமனாரின் குரல்: "எனக்குச் சத்தம் கேக்குது, வார்த்தைதான் விளங்கலை. பெருசாவே வாங்கட்டும்மா."

மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, பார்த்தீர்களா? பாட்டுக் கேட்பது ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவளுக்கு நல்ல பாட்டு ஒன்று காதில் விழுந்தால் பாதிக் களைப்பு பறந்துவிடும். ஆனால் ஸ்பீக்கர் வாங்குவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் அறை. அடுத்தது ஆம்பிளிஃபயர். கடைசியில்தான் கடை. நம்மில் பலர் கடையிலிருந்து தொடங்கிவிடுகிறோம்!

கையைத் தட்டிப் பாருங்கள்

கூடத்தின் நடுவே நின்று ஓங்கி ஒரு கைதட்டு தட்டினேன். 'டங்ங்...' என்று இழுத்தது. 10 அடிக்கு 12 அடி கூடம். கீழே வழவழப்பான டைல்ஸ், நாலு பக்கமும் வெற்றுச் சுவர், மேலே கான்கிரீட். சத்தம் எதில் பட்டாலும் திரும்பி வருகிறது. ஒரு வார்த்தை முடியுமுன் அதன் எதிரொலி அடுத்த வார்த்தை மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பெரியவருக்கு வார்த்தை விளங்காததற்கு இது ஒரு காரணம். இந்த அறையில் எவ்வளவு பெரிய ஸ்பீக்கரை வைத்தாலும், குழப்பம்தான் பெரிதாகும்.

இதற்கு வைத்தியம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நிறைய மடிப்பு வைத்த கனமான திரை. தரையில் ஜமக்காளம். ஒரு சுவரை ஒட்டி, துணியோ புத்தகமோ அடுக்கிய திறந்த அலமாரி. மெத்தை போட்ட திவான் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய நைலான் திரை அழகுக்குத்தான் உதவும், சத்தத்தை உறிஞ்சாது. அக்கா மகள் பீரோவிலிருந்து இரண்டு ஜமக்காளமும் ஒரு கம்பளியும் எடுத்து வந்தாள். விரித்துவிட்டு மறுபடி கை தட்டினோம். இழுப்பு பாதி குறைந்திருந்தது. மாப்பிள்ளை முகத்தில் முதல் ஆச்சரியம்!

சத்தம் அறையின் மூலையில் முட்டினால் அடித்தொண்டை ஒலிகள் வீங்கிப்போகும். தவில், மிருதங்கத்தின் தொப்பி எல்லாம் 'தொம்' என்று விழாமல் 'பூம்ம்' என்று உப்பும். சின்ன அறையில் பெரிய வூஃபர் வைத்தால் நேர்வது இதுதான். 10-க்கு 12 அறைக்கு 5 அங்குலம் அல்லது ஆறரை அங்குல வூஃபர் உள்ள, அலமாரியில் வைக்கிற அளவுப் பெட்டியே தாராளம். மார்பு உயரப் பெட்டியெல்லாம் பெரிய ஹாலுக்குத்தான். கடையில் நன்றாகக் கேட்டதே என்றால், கடையின் ஹால் அப்படி! நம் கூடத்தையா அங்கே கொண்டு போய் வைத்திருக்கிறார்கள்?

ஆம்பிளிஃபயரின் முதுகைப் படியுங்கள்

அடுத்து ஆம்பிளிஃபயரைத் திருப்பச் சொன்னேன். பின்பக்கம் எழுதியிருந்தது: ஒரு பக்கத்துக்கு 15 வாட், 8 முதல் 16 ஓம். இந்த ஓம்தான் மிக முக்கியம். மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டுகிற தடையின் அளவு அது. 8 ஓம் கேட்கிற ஆம்பிளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அது இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கப் பார்க்கும். சூடேறும். ஃபியூஸ் போகும், இல்லையேல் உள்ளே டிரான்ஸிஸ்டரே போய்விடும். கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று ஒரே இணைப்பில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக மாட்டினாலும் கணக்கு 4 ஓம்தான். எங்கள் வீட்டிலேயே ஒரு கல்யாண நாளன்று அப்படி மாட்டி, வந்தவர்கள் முன்னால் புகை கிளம்பியது. அன்றிலிருந்து எனக்கு ஓம் என்றால் கோயில் மட்டும் ஞாபகம் வருவதில்லை!

அப்புறம் அந்த 200 வாட். ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கிற வாட், அது தாங்குகிற அளவு. அது போடுகிற சத்தத்தின் அளவு அல்ல. பெரிய அண்டா என்பதால் அதில் சாம்பார் தானாக நிறைந்துவிடுமா? சில பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும். அதைக் கண்டுகொள்ளாதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் ஓர் எண் இருக்கிறது. 'சென்ஸிடிவிட்டி' என்று போட்டு, 84 டெசிபல், 87, 90 என்று எழுதியிருப்பார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது அது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்பிளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். அதாவது, 90 டெசிபல் ஸ்பீக்கரை 15 வாட்டில் கேட்கிற சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்க 60 வாட் வேண்டும்! பழைய, சின்ன ஆம்பிளிஃபயர் உள்ள வீட்டுக்கு இந்த எண் உயர்ந்த ஸ்பீக்கர்தான் தோது.

"15 வாட் போதுமா அத்தை?" என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். வீட்டில் பேச்சுக் குரலுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் கேட்க 1 வாட் கூடச் செலவாவதில்லை. ஓங்கிய ஓர் அடி விழும்போது அந்தக் கணத்துக்குப் பத்து மடங்கு கேட்கும். அதற்குத்தான் மிச்சம். ஆனால் 15 வாட் ஆம்பிளிஃபயரை முழுக்க முறுக்கி வைத்தால், ஒலி நசுங்கிக் கரகரக்கும். அந்த நசுங்கிய ஒலிதான் கீச்சுக் குரல் பாடுகிற சின்ன ஸ்பீக்கரை, ட்வீட்டரை, பொசுக்குகிறது. கரகரப்பு கேட்டதுமே குறைத்துவிட வேண்டும்.

தொட்டிலும் திண்ணையும்

இப்போது நம் முக்கியமான கவலைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். கைக்குழந்தையின் காதுத் துவாரம் மிகச் சிறியது. கீச்சென்ற ஒலி அதற்குள் நமக்குக் கேட்பதைவிட ஓங்கிவிடும். 'சத்தமா இருக்கு' என்று சொல்ல அதற்கு வாயும் கிடையாது. அழும், அல்லது விறைத்துப் பார்க்கும். அவ்வளவுதான்.

ஆகவே ஸ்பீக்கரும் தொட்டிலும் ஒரே மூலையில் கூடவே கூடாது. தொட்டில் கொக்கியை உள்ளறைக்கு மாற்றச் சொன்னேன். சத்தத்தை எவ்வளவு வைப்பது? பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். அதுதான் வீட்டு அளவுகோல். கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலிகளும் இருக்கின்றன. துல்லியமாக இராது, சுமாராகத் தெரிந்துகொள்ளலாம். ஏழு மாதக் குழந்தை, பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் 'போகப் போகச் சரியாகும்' என்று இராமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். (இவள் குழந்தை என் வளையல் சத்தத்துக்கே திரும்பிச் சிரித்தது!)

மாமனார் விஷயம் வேறு. "சத்தம் கேக்குது, வார்த்தை விளங்கலை" என்றாரே, அது பல முதியவர்கள் சொல்கிற வாசகம். வயதானால் முதலில் குறைவது உச்ச ஒலிகள் கேட்பதுதான். ச, ஸ, த போன்ற எழுத்துகளை அடையாளம் காட்டுவது அந்த உச்ச ஒலிகள். அவை நழுவிவிட, உயிரெழுத்து ஓசை மட்டும் மிஞ்சும். சத்தத்தைக் கூட்டினால் அவருக்கு விளங்குவதற்குள் மற்றவர் காது போய்விடும். "புதுக்கோட்டைக்கு ஸ்பீக்கர் பார்க்கப் போகும்போது, மாமாவையும் அழைத்துப் போய்க் காது டாக்டரிடம் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்" என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் ரெண்டு வருசமா நெனைக்கிறேன். செலவுன்னு சொல்லலை" என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

கடையில் என்ன கேட்பது?

உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டையும் ஒரு செய்தி வாசிப்பையும் கைப்பேசியில் கொண்டு போங்கள். சத்தத்தைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் வார்த்தை தெளிவாக விழுகிற ஸ்பீக்கர்தான் நம் வீட்டுக்கு ஆகும். ஒரு தாள வாத்தியமும் கேளுங்கள். கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டு வந்த மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர் அல்லவா? கஞ்சிராவின் கும்கியும் ஜாலராச் சத்தமும் தனித்தனியே கேட்டால் அந்த ஸ்பீக்கருக்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

பெட்டியின் பின்புறம் துவாரம் இருந்தால் அதைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அலமாரிக்குள்தான் இடம் என்றால் துவாரம் முன்பக்கம் உள்ளதாகவோ, துவாரமே இல்லாததாகவோ வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு: இரண்டு பெட்டிக்கும் நடுவே எத்தனை அடியோ, ஏறக்குறைய அத்தனை அடி தள்ளி உட்காருங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். மூலையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி நகர்த்துங்கள். சிவப்பு ஒயர் சிவப்பிலும், கறுப்பு கறுப்பிலும். ஒரு பக்கம் மாறிவிட்டால் அடி ஒலி செத்துப்போகும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஒயரைச் சுவரோடு அடித்து, பெட்டியை அலமாரியோடு கட்டிவிடுங்கள். ஆம்பிளிஃபயர் மேல் பூவேலைத் துணி போடாதீர்கள், தாய்மார்களே! அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது மூச்சு விடும் துவாரம் மேலேதான் இருக்கிறது.

போன வாரம் போன் வந்தது. 8 ஓம், 89 டெசிபல், ஆறரை அங்குல வூஃபர். சின்ன ஜோடியாக வாங்கிவிட்டார்களாம். சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். பெரியவருக்கு இரண்டு காதிலும் கேள்விக் குறைவு இருக்கிறது, கருவி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மிச்சப் பணம் அதற்குத்தான்.

"அப்ப உன் தளம்?" என்று கேட்டேன்.

"அடுத்த சீட்டுல பாத்துக்கலாம் சித்தி. மாமா நேத்து சாயந்தரம் ஒரு பழைய பாட்டைக் கேட்டுட்டு, கருவி வச்சதும் இதை மறுபடி கேக்கணும்னாக" என்றாள். பின்னணியில் பாட்டு கேட்டது. அதற்கு மேலே அவள் குரல் தெளிவாகக் கேட்டது. சத்தத்தைச் சரியாக வைத்திருக்கிறார்கள்!

உங்கள் கூடத்தின் நடுவே நின்று இன்றைக்கே ஒரு தடவை கைதட்டிப் பாருங்களேன். கைதட்டத்தான் காசு இல்லையே!