கட் ஆஃப் எவ்வளவு?

பிளஸ் டூ முடித்த பிள்ளை கண்ணில் பட்டால் சொந்தக்காரர்கள் கேட்பது இதைத்தான். பொறியியல் சேர்க்கையில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மொத்தம் 200-க்கு எவ்வளவு என்பதுதான் ஜாதகம். ஆசை என்ன என்று யாராவது கேட்டாலும் அது காலம் கடந்த கேள்வி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, ‘இவளுக்கு காமர்ஸ் போதும்’ என்று பதினைந்து வயதிலேயே முடிவுகட்டிவிட்டோமே! கணக்கும் இயற்பியலும் இல்லாத குரூப்பில் போட்டுவிட்டு, இப்போது பி.இ. ஆசை வந்தால் கவுன்சலிங் வாசலே திறக்காது. பள்ளியின் கடைசி நாளில் சட்டையில் இங்க் அடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் இப்படிப் பலர் இருப்பார்கள். இவர்கள் விடுபட்ட பாடங்களை ஓராண்டில் எழுதித் தேற, அரசுப் பள்ளிகளிலேயே வழி செய்யலாம், கட்டடமும் ஆசிரியர்களும் ஏற்கெனவே உண்டு.