கூட்டுப் பிரார்த்தனையும் தனி வழிபாடும்



எமது தமிழ்ப் பாடசாலையில் வகுப்புகள் ஆரம்பமாகுமுன் மாணவர் யாவரும் எழுந்துநின்று இறைவணக்கம் செலுத்துவது வழக்கம். சில வாரங்களுக்கு முன்னர் வணக்கம் முடிந்ததும் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி எம்மிடம் வந்து, "சேர், எல்லாரும் சேர்ந்து கும்பிட்டால் கடவுளுக்குக் கூடக் கேட்குமா? நான் வீட்டில் தனியக் கும்பிட்டால் குறையக் கேட்குமா?" என்று வினவினாள். அவ்வேளையில் நாம் ஏதோ கூறிச் சமாளித்தோமாயினும் அவ்வினா எம்மைவிட்டு அகலவில்லை. அதற்குரிய விடையை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

சமயங்கள் இவ்விரண்டனுள் ஒன்றை ஏற்று மற்றையதைத் தள்ளவில்லை. சைவாகமங்கள் வழிபாட்டை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இருவகைப்படுத்துகின்றன. ஒருவன் தன்பொருட்டுச் செய்யும் பூசை ஆன்மார்த்தம். உலகத்து உயிர்கள் அனைத்தின் பொருட்டும் திருக்கோயிலில் நிகழ்வது பரார்த்தம். அறைக்குள்ளே கதவை அடைத்து மறைவாகச் செபிக்குமாறு போதித்த இயேசுபிரானே, தமது பெயரால் இருவர் மூவர் கூடுமிடத்தில் தாம் இருப்பதாகவும் அருளினார். இரண்டும் மத்தேயு நற்செய்தியிலேயே உள்ளன. கூட்டுத் தொழுகைக்குத் தனித் தொழுகையிலும் 27 மடங்கு நன்மை உண்டென நபிமொழி கூறும். ஆயினும் நள்ளிரவில் எழுந்து தனித்துத் தொழுவதையும் இஸ்லாம் போற்றுகின்றது.

எமது திருமுறைகளிலும் இவ்விரு நெறிகளையும் காணலாம். திருவெம்பாவையில் மார்கழி வைகறையில் ஒருத்தியை மற்றொருத்தி துயிலெழுப்பிக் கூட்டமாகச் செல்கின்றனர் கன்னியர். பெரியபுராணத்திலோ திருநின்றவூர்ப் பூசலார் பொருளும் இன்றித் துணையும் இன்றி மனத்துள்ளேயே கோயில் எழுப்புகின்றார். பல்லவ மன்னன் காஞ்சியில் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கைப் பின்போட்டுவிட்டு, இறைவன் அன்பரின் மனக்கோயிலுக்கே முதலில் எழுந்தருளினான் என்பது வரலாறு. தலைகளை எண்ணி இறைவன் அருள்புரிவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் பலர் சேர்ந்து கேட்டால் கேட்டது கிடைக்கும் என்னும் நம்பிக்கை எம்மவரிடையே உண்டு. அமெரிக்காவில் இருதய சத்திரசிகிச்சைக்கு உள்ளான 1802 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. தமக்காகப் பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறியாதிருந்தோருள், பிரார்த்தனை செய்யப்பட்டோர்க்கும் செய்யப்படாதோர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிறர் தமக்காகப் பிரார்த்திப்பதை உறுதியாக அறிந்தோர்க்கோ சிக்கல்கள் சற்று அதிகமாகவே ஏற்பட்டன.

ஆய்வு கிடக்கட்டும். 1995 யூலை 9 ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்தபோது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவாலயத்தின் நிழலை நாடிச் சென்றோரின் நெஞ்சில் பிரார்த்தனை இல்லாதிருந்திருக்குமா? கூடியிருந்தோரின் தொகைதான் குறைவாயிருந்ததா? கூட்டுப் பிரார்த்தனையின் பயனை, கேட்டது கிடைத்ததா என்பதைக் கொண்டு அளப்போமாயின் அம்மக்களின் நினைவுக்கே அநீதி இழைத்தவர்களாவோம்.

அங்ஙனமாயின் கூடி வழிபடுவதால் யாது பயன்? நாம் சிறுவராயிருந்த காலத்தில் விமான இரைச்சல் கேட்டதும் அயலவர் யாவரும் ஒரே பதுங்குகுழிக்குள் இறங்குவோம். பாட்டி ஒருவர் தேவாரத்தை ஆரம்பிப்பார். அயல்வீட்டுக் கத்தோலிக்க அம்மையார் செபமாலையை உருட்டுவார். அச்சத்தால் நா எழாத நாமும் சற்று நேரத்தில் பாட்டியுடன் சேர்ந்துகொள்வோம். பாட்டியின் குரல் தளரும்போது வேறொருவர் அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பார். அப்பாட்டுக் குண்டுகளின் திசையை மாற்றியது என நாம் கூறமாட்டோம். எமது நடுக்கத்தை அது மாற்றியது. மரணவீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடுகையில், வாய்விட்டு ஒரு சொல்லும் உரைக்க இயலாது அமர்ந்திருக்கும் தாய்க்காக ஊரே பாடுகின்றது. தனித்து வேண்டும் வலுவை இழந்தவரை ஏனையோர் தாங்கிக்கொள்வதே கூட்டுப் பிரார்த்தனையின் பயன் என்பது எமது துணிபு.

எனினும் தனி வழிபாடு வற்றிப்போன இடத்தில் கூட்டு வழிபாடு நிலைப்பதில்லை. இதற்கு நாம் வாழும் இந்நாடே சான்று. டென்மார்க் மக்கள் யாவரும் ஒரே நாளில் வேலை நிறுத்தித் தேவாலயங்களிற் கூடிப் பிரார்த்திக்க வேண்டுமென 1686 இல் ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னன் காலத்தில் கட்டளை பிறந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பின்வரும் நான்காவது வெள்ளிக்கிழமை 'பெரும் பிரார்த்தனை நாள்' ஆயிற்று. பேக்கரிகளும் மூடப்பட்டமையால் முதல்நாளே பணிஸ் வாங்கிவைக்கும் வழக்கம் உண்டானது. காலப்போக்கில் பலருக்குப் பிரார்த்தனை மறந்தது. பணிஸ் மட்டும் எஞ்சியது. பாதுகாப்புச் செலவுக்குப் பணம் திரட்டவென 2023 இல் சட்டம் இயற்றப்பட்டு, 2024 முதல் அவ்விடுமுறை நீக்கப்பட்டது. எதிர்ப்புகள் பல எழுந்தன. ஆனால் பிரார்த்தனையை இழந்தோம் என வருந்தியோரினும் விடுமுறையை இழந்தோம் என வருந்தியோரே அதிகம் என எமக்குத் தோன்றியது.

எமது நிலையும் இவ்வாறு ஆகிவிடலாகாது. ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஹேர்னிங் சித்திவிநாயகர் ஆலயத்துக்கும் பிறண்டா அபிராமி அம்பாள் ஆலயத்துக்கும் குடும்பமாகச் செல்கின்றோம். தேர் இழுக்கின்றோம், அன்னதானம் உண்கின்றோம், மகிழ்ச்சியே. ஆனால் எமது பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒரு தேவாரத்தையோ செபத்தையோ பொருளறிந்து தனித்துச் சொல்ல வல்லவர்கள்? பாடசாலையில் ஐம்பது குரல்களுக்குள் தன் குரலை மறைத்துக்கொள்ளும் பிள்ளை, வெளியூரில் உயர்கல்வி கற்கச் சென்று தனியறையில் துயருறும் ஓர் இரவில் எதனைச் சொல்லி வேண்டும்? டேனிய மொழியில் வேண்டினும் இறைவன் செவிசாய்ப்பான், ஐயமில்லை. ஆயினும் தாயும் பாட்டியும் அழுதபோது சொல்லிய சொற்கள் அப்பிள்ளைக்குக் கிட்டாமற் போவது பேரிழப்பன்றோ?

ஆதலின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மாலையில் ஐந்து நிமிடம் விளக்கேற்றிப் பிள்ளைகளுடன் அமருங்கள். ஒரு பாடலையோ ஒரு செபத்தையோ பொருளுடன் சொல்லிக்கொடுங்கள். பின்னர் பிள்ளை தனியே சொல்லட்டும், பிழைவிட்டாலும் இடைமறியாதீர். பாடசாலையிலும் கூட்டுவணக்கத்தின் பின் ஒரு நிமிடம் மௌனமாயிருந்து அவரவர் உள்ளத்தில் வேண்டிக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தலாம் என்பது எமது கருத்து.

வினவிய மாணவிக்கு எமது விடை இதுவே: மகளே, கடவுளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். கூடிக் கும்பிடும்போது உன் பக்கத்தில் நிற்பவரின் குரல் உனக்குக் கேட்கும். தனியே கும்பிடும்போது உன்னுடைய குரல் உனக்குக் கேட்கும். இரண்டும் உனக்கு வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க எமது பாடசாலை!