முப்பத்துமூணு வயசில் முன்னூற்று நாலு!

போன ஞாயிற்றுக்கிழமை என் மானம் நடுத்தெருவில் க்ளீன் போல்டு ஆனது.

மகன் பந்து போட்டான். நான் பேட் பிடித்தேன். மூன்று பந்து, மூன்று தடவையும் ஸ்டம்பாக நிறுத்தியிருந்த காலி எண்ணெய் டின் டமார்! "ஏனுங்கப்பா, சின்ன வயசுல நீங்க ஆடுனதே இல்லீங்களா?" என்றான். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மறுநாளே உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒரு கிரிக்கெட் புத்தகம் வாங்கி வந்தேன். வீட்டுக்காரி பார்த்தாள். "புஸ்தகத்தப் பாத்து யாராச்சும் நீச்சல் பழகுவாங்களாங்க?"

பழகினார் ஒருத்தர். நீச்சல் அல்ல, கிரிக்கெட்.

பெயர் ராபர்ட் பூர். 1866-ல் பிறந்த குதிரைப்படை அதிகாரி. சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவின் ஏ.டி.சி.யாக வந்தபோது வயசு இருபத்தாறு இருக்கும். கிரிக்கெட்டைப் பெரும்பாலும் புத்தகம் படித்தே கற்றுக்கொண்டார். இங்கேதான் ஆட்டம் சூடு பிடித்தது. அப்புறம் படையோடு தென்னாப்பிரிக்கா போனவர், 1896-ல் அந்த நாட்டுக்காக மூன்று டெஸ்ட்டும் ஆடிவிட்டார். அதுவும் இங்கிலாந்துக்கு எதிராக!

1899 ஜூலை. டான்டன் மைதானம். ஹாம்ப்ஷயர் அணிக்காக சாமர்செட்டை எதிர்த்து 304 ரன்! இன்னொரு ராணுவ அதிகாரி வின்யார்டு 225. இருவரும் ஆறாவது விக்கெட்டுக்குச் சேர்த்தது 411. அந்த சீசனில் பூரின் சராசரி 91-க்கு மேல். 1930-ல் பிராட்மன் வந்துதான் அதைத் தாண்டினார். முன்னூற்று நாலு அடித்தபோது பூருக்கு வயசு முப்பத்துமூணு. கவனியுங்கள், முப்பத்துமூணு!

நம்ம மேட்டுப்பாளையம் மலை ரயிலும் இந்த ஜாதிதான். 1854-லேயே யோசனை பிறந்தது. 1891-ல் வென்லாக் பிரபு வேலையைத் துவக்கி வைத்தார். குன்னூருக்கு ரயில் ஏறியது 1899 ஜூனில். மனுஷனும் லேட், ரயிலும் லேட். ஆனால் இரண்டும் ஒரே வருஷம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன!

இதோடு முடித்தால் நான் காமர்ஸ்காரனே அல்ல. வரவு எழுதினால் பற்றும் எழுத வேண்டும். வெயில் தாங்காமல் கவர்னரின் சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டி ஏறிய காலம் அது. பூருக்குப் புத்தகம் இருந்தது, மைதானம் இருந்தது, பொழுதும் இருந்தது. அந்த மலையில் ரயிலுக்காகப் பாறை உடைத்தவர்களுக்கும் இருபத்தாறு வயசு வந்திருக்கும். கையில் இருந்தது சம்மட்டி.

அவ்வளவு தூரம் எதற்கு? என் அப்பா மில்லில் ஷிப்ட் பார்த்தவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அவர் தூங்கும்போது, தெருவில் பந்துச் சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மா என்னை உள்ளே உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்வாள். நான் ஆடாததற்குக் காரணம் இதுதான். மகனிடம் சொல்லவில்லை.

வயசு ஒரு தடையே அல்ல. பொழுதுதான் கிடைக்க வேண்டும். அப்பாவுக்குக் கிடைக்காத அரை மணி நேரம் எனக்குச் சாயங்காலம் கிடைக்கிறது.

நேற்று நான்காவது பந்தில்தான் டின் விழுந்தது. முன்னேற்றம்! "இன்னொரு பந்து போடு கண்ணு" என்றேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: "அடுத்தது எனக்குப் போடு சாமி."