பெற்றோல் மாறியது ஒரு தடவை, கடன் பதினெட்டு மாதம்



விடத்தல்தீவுக்குக் கருவாடு ஏற்றப் போன ஒரு லொறி, மன்னார்க் கரையோரம் பாப்பாமோட்டையில் நடுரோட்டில் நின்றுவிட்டது. அந்த லொறியில் கிளீனராக இருந்தவன் நமது தோட்டத்துப் பையன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். வழியில் செட்டில் டீசலுக்குப் பதிலாகப் பெற்றோல் அடிபட்டுவிட்டது. இன்று அவன் தலையில் 180,000 ரூபாய் கடன். மாதம் 10,000 வீதம் பதினெட்டு மாதம் சம்பளத்தில் வெட்டுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அடையாள அட்டையையும் முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார்.

லயத்தில் சிலர் கேட்கிறார்கள்: "பிழை விட்டவன் கட்டத்தானே வேணும்?" கேட்பவர்கள் கம்பனிக்காரர்கள் அல்ல, நம் ஆட்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பிழை யாருடையது என்று ஒழுங்காகக் கணக்குப் பார்ப்போம்.

லொறி முதல் நாள் மாலை மலையிலிருந்து புறப்பட்டது. இரவு முழுக்க ஓட்டியவர் ஒரே சாரதி. மாற்றுச் சாரதி வைத்தால் இன்னொரு சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால் ஆள் வைக்கவில்லை. விடியற்காலை செட்டில் நிறுத்தியதும் அவர் ஸ்டியரிங்கிலேயே தலைசாய்த்துவிட்டார். பையன் இறங்கி, "பத்தாயிரத்துக்கு அடிங்க" என்றான். எது அடிப்பது என்று அவனும் சொல்லவில்லை, பம்ப் அடித்தவரும் கேட்கவில்லை. டாங்கி மூடியில் 'டீசல்' என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. அவன் கேட்டிருக்க வேண்டும், அது உண்மை. அவனைக் கண்டிக்கலாம், வேலை பழக்கலாம். ஆனால் மூன்று வாரத்தில் அவனுக்கு வேலை பழக்கியது யார்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டீசல் அடிக்கும் குழாயின் வாய் பொதுவாகப் பெரிது. பெற்றோல் கார்களின் வாய்க்குள் அது இலேசில் போகாது. பெற்றோல் குழாயின் வாயோ சிறிது. டீசல் லொறிக்குள் அது தடையில்லாமல் இறங்கும். ஆகவே இந்தத் தவறு உலகமெங்கும் நடக்கிறது. சொந்தக் கார் ஓட்டும் பெரிய மனிதர்களுக்கும் நடக்கிறது. அவர்களை யாரும் பதினெட்டு மாதம் கட்டிப்போடுவதில்லை.

இப்போது பில்லைப் பார்ப்போம். டீசலில் ஒரு வழுவழுப்பு உண்டு. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அதுவே எண்ணெய் போட்ட மாதிரி. பெற்றோல் அந்த வழுவழுப்பைக் கழுவிவிடும், இரும்போடு இரும்பு உரசும். சாவியைத் திருப்பாமல் இருந்தால் டாங்கியை வடித்துச் சுத்தம் செய்வதோடு காரியம் முடியலாம். ஓட்டினால், குழாயில் மிச்சம் கிடக்கும் டீசலில் கொஞ்சத் தூரம் போய், இழுவை குறைந்து வண்டி நின்றுவிடும். பாப்பாமோட்டையில் அதுதான் நடந்தது.

சாரதி மணத்தைப் பிடித்துவிட்டார். "பெற்றோல் மணக்குதுங்க, கராஜுக்கு இழுக்கணும்" என்று முதலாளிக்குப் போன் எடுத்தார். "இழுக்க யார் காசு? திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று பதில் வந்தது. அரைமணி நேரம் அதையே செய்தார்கள். கராஜ் பில்லில் டாங்கி வடித்த கூலி ஒரு சின்னத் தொகை. மிச்சம் எல்லாம் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும். மெக்கானிக் சொன்னதும் இதுதான்: நின்ற இடத்திலேயே விட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

தூங்க விடாமல் ஓட்ட வைத்தவர் ஒரு சதம் கட்டவில்லை. போனில் உத்தரவு போட்டவர் ஒரு சதம் கட்டவில்லை. முழுப் பில்லும் எல்லாரிலும் குறைந்த சம்பளக்காரன் மேல் விழுந்தது. தோழர்களே, இது லொறிக் கதை மட்டும்தானா?

காடு பிடித்த மலையில் கொழுந்து எடுக்கும் நம் பெண்களைக் கேளுங்கள். புல் வெட்டாதது நிர்வாகம், உரம் போடாதது நிர்வாகம். கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவது கொழுந்து எடுத்தவளுக்கு. 2021 மார்ச்சில் வேதன சபை மூலம் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். இலாபம் மேலே ஏறும், நட்டம் கீழே இறங்கும். லொறியிலும் அதே கணக்குத்தான்.

மன்னார்க் கரை நமக்குப் புதிதல்ல. நமது முன்னோர் தோணியில் வந்து இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்தது அங்கிருந்துதான். 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் மறுபடி நடந்தார்கள். அன்று வந்தவர்களின் வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடன் எழுதிய தாளுக்குப் பெயர் துண்டு. அதைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. நூறு வருடம் கழிந்த பிறகு, அதே கரையோரம் நின்ற லொறிக்காக நம் பையனுக்கு ஒரு புதுத் துண்டு எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு மாதம் அவன் வேறு வேலைக்குப் போக முடியாது. இதற்குக் கடன் என்று பெயர் வைத்தாலும், இது ஆளைக் கட்டிப்போடுவதுதான்.

1941ஆம் ஆண்டின் வேதன சபைகள் கட்டளைச் சட்டம், சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடன்றி, சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கும் வேதன சபை இருக்கிறது. அடையாள அட்டையைப் பிடித்துவைத்து வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரா? இதைக் கேட்டுத் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். அவன் சந்தா கட்டும் அங்கத்தவன் அல்ல. ஆனாலும் அவன் அம்மா இருபது வருடமாக நம்மோடு கொழுந்து எடுக்கிறவர்.

லொறி, வேன், கடை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கு நான்கு சொல்:

1. செட்டில் இறங்கினால் "டீசல்" என்று வாய்விட்டுச் சொல், குழாயைப் பார். மாறிவிட்டது என்று தெரிந்தால் சாவியைத் தொடாதே.

2. முதலாளி ஸ்டார்ட் பண்ணச் சொன்னால், சொன்ன நேரத்தையும் ஆளையும் குறித்து வை.

3. வெற்றுத் தாளிலோ கடன் தாளிலோ கையெழுத்து வைக்காதே. அடையாள அட்டையைக் கொடுக்காதே.

4. அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் வா.

பெரியவர்களுக்கு ஒரே சொல். "பிழை விட்டவன் கட்டட்டும்" என்று அடுத்த தடவை சொல்லுமுன், யார் யார் பிழை விட்டார்கள் என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். நமக்கு நாமே துண்டு எழுதிக் கொடுக்க வேண்டாம்.