ஒரு மணி நேரம் யாருக்கு?

சென்னைக்கும் சேலத்துக்கும் ஆகாய மார்க்கமாய் ஒரு மணி நேரமே என்கிறார்கள். இரு விமான நிலையங்களுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ஆகவே கணக்குப் பிசகல்ல. 2018-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் ஆரம்பமான அந்தச் சேவையை நாம் குறை கூறவில்லை. அந்த ஒரு மணி யாருடைய மணி என்பதே கேள்வி.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் வியாபார நிமித்தம் சேலம் செல்வதாய் வைத்துக்கொள்வோம். சேலம் இருப்பது தென்மேற்கே. அவரோ முதலில் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்று மீனம்பாக்கம் அடையவேண்டும். அதற்கு இரண்டு மணி. பரிசோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி. பறக்க ஒரு மணி. காமலாபுரத்தில் இறங்கிப் பட்டணம் சேர அரை மணி. ஆக நாலரை மணி! சாலை மார்க்கமாய்ப் புறப்பட்டவர் ஏறக்குறைய ஐந்து மணியில் சேர்ந்துவிடுவார்.

பரந்தூர் நிலையம் வந்தால் இக்குறை தீரும் என்பர் சிலர். வாஸ்தவம், நம்மூராருக்கு ஒரு மணி மிச்சமாகலாம். விலை என்ன? 2022-ல் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் பல கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கிறது. வயலும் ஏரியும் அதில் அடக்கம். ஏகனாபுரத்தார் கிராமசபையில் பன்முறை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளனர். பிரயாணிகளின் நிமிஷங்களை எண்ணும் சர்க்கார், குடியானவர்களின் தலைமுறைகளை எண்ணவேண்டாமா?

வீட்டு வாயிலிலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஆகும் முழுக் காலத்தையும், செங்கற்பட்டு - அரக்கோணம் ரயில் மார்க்கத்தை விருத்தி செய்தால் மிச்சமாகும் காலத்தையும் அருகருகே வைத்து ஜனங்கள் முன் பிரசுரிப்பது சர்க்காரின் கடமை. நிலத்தைக் கேட்பது அதன் பிறகே நியாயமாகும்.